விடியக்காலை அழைப்பு

அத்தியாயம் 17

"செய்யட்டோ, விடட்டோ?" என்று கரோல் கேட்டு ஒரு கிழமையாகிவிட்டது. ரொறன்ரோவுக்கு வடக்கே மில்லிக்கன் பகுதியிலிருந்த அந்த வீட்டில் இன்னும் யாரும் அவளுக்கு நேரான பதில் சொல்லவில்லை. அபிப்பிராயம் இல்லாமல் இல்லை. கணவன் கஜீவனுக்கு ஒன்று இருந்தது, அவனுடைய தாய் இராஜேஸ்வரிக்கு ஒன்று இருந்தது. கேட்காமலே வெக்ஸ்போர்ட்டிலிருந்து தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கும் இராஜேஸ்வரியின் தங்கை கமலாம்பிகைக்கு நாளுக்கொன்று இருந்தது. ஆனால் கரோலின் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் ஆளில்லை.

கேள்வி இதுதான். முன்பு ஆறு வருடம் ஓடிய நகைச்சுவைத் தொடர் ஒன்றில் கரோல் 'அன்ரி பேர்ல்' என்ற சீனக் கிழவியாக நடித்தாள். தெருமுனையில் சலவைக்கடை வைத்திருக்கும் கிழவி. தொடர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு, இப்போது அதை மறுபடியும் எடுக்கப் போகிறார்கள். இந்த முறை அன்ரி பேர்ல்தான் கதாநாயகி. ஆனால் புதிதாக வந்திருக்கும் தயாரிப்பாளர்களுக்கு ஒரு சின்னச் சந்தேகம். அந்தப் பழைய குரல் இன்னும் அவளிடம் இருக்கிறதா? ஒரு காட்சியை வீட்டிலிருந்தே நடித்துப் படம்பிடித்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். இன்று பின்னேரம்தான் கடைசி.

ஆறு வருடம் நடித்தவளிடமே உனக்கு நடிக்கத் தெரியுமா என்று கேட்கிற தொழில் அது. கேள்விப்பட்டதும் இராஜேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருமகளைக் குறை சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. இவர்கள் யார்?

"செய்து அனுப்பு பிள்ளை. பிறகு வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொல்லலாம்" என்றாள் இன்று காலை, தேநீரைக் கையில் கொடுத்தபடி. ஒரு கிழமைக்குப் பிறகு வந்த முதல் பதில்.

கரோல் மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். ஏன் திடீரென்று, என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இராஜேஸ்வரி பொய்தான் சொல்லியிருப்பாள்.

காலைச் சாப்பாடு முடிந்ததும் கரோல் பேஸ்மென்ட் சுவரில் நீலத் துணியைக் கட்டினாள். மூன்று கால் தாங்கியில் கைத்தொலைபேசியைப் பொருத்தி, பக்கத்தில் வெளிச்சத்தை வைத்தாள். அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு வட்டப் பெட்டியை இறக்கித் தூசி துடைத்தாள். உள்ளே நரைமுடி விக். அதை முதன்முதல் தலையில் வைத்தபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இளம் சீனப் பெண்ணுக்கு அந்த நாட்களில் கிடைத்ததெல்லாம் பெயரில்லாத தாதி வேடம், இல்லையென்றால் முதல் காட்சியிலேயே பிணமாகக் கிடக்கும் வேடம். ரொறன்ரோத் தெருவை நியூயோர்க் என்று சொல்லி எடுக்கிற எத்தனையோ துப்பறியும் தொடர்களில் வெள்ளைத் துணிக்குக் கீழே கரோல் கிடந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவள் வீட்டுக்கு வந்ததும் இராஜேஸ்வரி வாசலிலேயே நிறுத்தி, செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி நாவூறு கழித்துத்தான் உள்ளே விட்டாள். செத்ததாக நடித்தாலும் செத்தது செத்ததுதான் என்பது அவளுடைய கட்சி.

கிழவி வேடம் வந்தபோதுதான் கரோலுக்கு ஒரு பெயரும் நாலு வசனமும் கிடைத்தன.

இப்படி வீட்டில் எடுக்கும்போது எதிர் வசனம் வாசிக்க ஓர் ஆள் வேண்டும். வாசிப்பவரின் முகம் படத்தில் வராது, குரல் மட்டும் கேட்கும். கஜீவன் மார்க்கம் நகருக்கு வேலைக்குப் போய்விடுவான். ஆகவே அந்தப் பதவி நெடுங்காலமாக இராஜேஸ்வரியுடையது. அவள் பொலிஸ்காரனாக வாசித்திருக்கிறாள், நீதிபதியாக வாசித்திருக்கிறாள், மருமகளுடைய கள்ளக் காதலனாகவும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்திருக்கிறாள். முதல்நாள் அவள் உணர்ச்சியைக் கொட்டி வாசித்தபோது கரோல் சிரித்து உருண்டுவிட்டாள்.

"நடிக்காதேங்கோ மாமி. வாசிச்சாக் காணும்."

அன்றிலிருந்து பஸ் தரிப்பிடங்களின் பெயரை அறிவிப்பது போலத்தான் இராஜேஸ்வரி வாசித்து வருகிறாள். அதுதான் முறையாம். எதிரில் இருப்பவர் நடித்தால் கமராவுக்கு முன்னால் நிற்பவரின் நடிப்பு கெட்டுவிடுமாம்.

இன்றைய காட்சி சின்னது. பல வருடங்களுக்கு முன் தாயின் கோட்டைச் சலவைக்குக் கொடுத்துவிட்டு எடுக்க வராமல் விட்ட ஒருவன், தாய் இறந்தபிறகு அதைத் தேடிக்கொண்டு கடைக்கு வருகிறான். அன்ரி பேர்ல் அவனை ஏசுகிறாள். பிறகு கோட்டைத் தேடுகிறாள். கிடைக்கவில்லை. கடைசியில் அவளுடைய பேர்போன வசனத்தைச் சொல்லி அவனை அனுப்பிவைக்கிறாள். "டுமோரோ ஆல்சோ டே."

நாளைக்கும் ஒரு நாள் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் அந்தத் தொடர் அந்த வசனத்தோடுதான் முடியும். ஒவ்வொரு வாரமும் படப்பிடிப்பைப் பார்த்திருந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். ரீசேர்ட்டில் அடித்து விற்றார்கள். மார்க்கம் வீதியில் மீன் வாங்கப் போனாலும் பெடியன்கள் கரோலைப் பார்த்து அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

இராஜேஸ்வரி மட்டும் ஒருநாளும் அதற்குச் சிரித்ததில்லை. அந்த வசனம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

*

கரோலின் தாய் மிஸஸ் மாக். இராஜேஸ்வரிக்கு அவள் சம்பந்தியாவதற்கு முன்பே சிநேகிதி. ஸ்கார்பரோவில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பணிஸ் பொதி செய்தவர்கள். வந்த புதிதில் இராஜேஸ்வரிக்கு இங்கிலீஷ் என்று ஒன்றுமே இல்லை. மாக்கிடம் கொஞ்சம் இருந்தது. இயந்திரச் சத்தத்துக்கு மேலால் இருவரும் கத்திக் கத்தி, ஆளுக்குப் பாதியாகப் போட்டு, தங்களுக்கென்று ஓர் இங்கிலீஷை உண்டாக்கிக்கொண்டார்கள். உலகத்தில் வேறு யாருக்கும் அது முழுதாக விளங்கியிருக்காது.

கணவன் இரத்தினவேல் இறந்து, எட்டுச்செலவுச் சடங்கெல்லாம் முடிந்து, இராஜேஸ்வரி திரும்ப வேலைக்குப் போன முதல்நாள். என்ன சொல்வதென்று தெரியாமல் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாக் மட்டும் கையுறையைக் கழற்றி, அவித்த முட்டை ஒன்றை அவள் கையில் வைத்து, "ஈட், ராஜ். டுமோரோ ஆல்சோ டே" என்றாள். அன்று இராஜேஸ்வரி அந்த முட்டையைத் தின்றுகொண்டே அழுதாள்.

அந்தத் தொழிற்சாலையின் நத்தார் விருந்தில்தான் கஜீவனும் கரோலும் கண்டுகொண்டார்கள். கலியாணப் பேச்சு வந்தபோது உறவினர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்குத் தாயைத் தெரியும், அது போதும் என்று இராஜேஸ்வரி ஒரே வார்த்தையில் வாயை அடைத்தாள்.

தொடரின் முதல் வாரத்தை மாக்கும் அவளும் ஒன்றாக இருந்து பார்த்தார்கள். அன்ரி பேர்ல் வாயைத் திறந்ததுமே இராஜேஸ்வரிக்கு மேல் குளிர்ந்தது. இது மாக்கின் குரல், மாக்கின் இழுவை, மாக் மூச்சு விடுகிற இடம். பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். தன் குரல் தனக்குத் தெரியாது என்பது எவ்வளவு உண்மை. மாக் மகளைக் கண்டு பூரித்துப்போய் இருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வெரி குட். பட் ராஜ், ஒய் எவ்ரிபடி லாஃப்?"

எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டவளுக்கு இராஜேஸ்வரி என்ன சொல்வாள்? தேநீர் ஊற்ற எழுந்துபோய்விட்டாள்.

அந்த மாக்கைப் போன மாரியில் பக்கவாதம் விழுத்திவிட்டது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. இப்போது ஸ்டீல்ஸ் வீதிப் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள். இராஜேஸ்வரி கிழமைக்கு இரண்டு மூன்று தரம் போவாள். மாக் பார்ப்பாள், இடது கையால் அவளுடைய சேலை விளிம்பைப் பிடித்து வைத்திருப்பாள், அவ்வளவுதான். அந்தக் குரலை எங்காவது பிடித்து வைத்திருக்கிறோமா என்று இராஜேஸ்வரி தேடாத இடமில்லை. தொலைபேசியில் தகவல் விடுகிற பழக்கம் மாக்கிடம் ஒருநாளும் இருந்ததில்லை. கலியாண வீடியோவில் அவள் வாயைத் திறக்கிற ஒரே இடத்தில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது.

உலகத்தில் அந்தக் குரல் மிச்சமிருப்பது கரோலின் தொண்டையில் மட்டும்தான். பழைய தொடரைப் போட்டுப் பார்க்கலாம் என்றால் அதற்குள் சிரிப்புச் சத்தம் கலந்திருக்கிறது. சிரிப்பில்லாமல் ஒருதரம் கேட்டால் போதும். இன்று காலை தேநீரோடு கொடுத்த புத்திமதியின் மர்மம் இதுதான். மருமகளின் தொழில் முன்னேற வேண்டும் என்ற நல்லெண்ணம் இரண்டாவது இடத்தில்தான் இருந்தது.

*

குரல் வரவில்லை.

முதல்தரம் கரோல் பேசியது யாரோ ஒரு சீனக் கிழவியின் பேச்சு. கடைத்தெருவில் பெடியன்கள் பகிடிக்குப் பேசிக்காட்டுவது போல இருந்தது. இரண்டாம் தரமும் அதே. விக்கைக் கழற்றி மறுபடி வைத்தாள், தண்ணீர் குடித்தாள், கதிரையில் கால்களை மடித்து அமர்ந்தாள். இராஜேஸ்வரி பொறுமையாக மறுபடியும் மறுபடியும் கோட்டைத் தேடி வந்தாள். "ஐ ஆம் சொறி. ஐ கேம் டூ லேட்."

கடைசியில் கரோல் நடுவிலேயே நிறுத்திவிட்டாள். கமராவை அணைத்தாள். விக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு அது தனிய வராது மாமி. ஒருநாளும் தனிய வந்ததில்லை."

விளங்கவில்லை என்பது போல இராஜேஸ்வரி பார்த்தாள். கரோலின் தமிழ் இந்த வீட்டில் விழுந்து எழும்பிப் பழகிய தமிழ். கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். கேட்டதை அப்படியே பிடிக்கும் காது அது. அந்தத் தமிழில்தான் இப்போது மெதுவாகச் சொன்னாள்.

"படப்பிடிப்பு நாளிலை மேக்கப் கதிரையிலை இருந்துகொண்டு அம்மாவுக்குப் போன் எடுப்பன். விடியக்காலையிலை. என்ன சமைச்சனீங்கள், பக்கத்து வீட்டுக்காரி என்ன சொன்னவ எண்டு ஏதாவது கேட்டுவிடுவன். அம்மா கதைச்சுக்கொண்டே இருப்பா. நான் கேட்டுக்கொண்டே வாயை அசைச்சுப் பாப்பன். காது நிறைஞ்சதும் போனை வைச்சிட்டு நேராப் போய் நடிப்பன். குரல் பின்னேரம் வரைக்கும் நிக்கும்."

இராஜேஸ்வரி கையிலிருந்த வசனத் தாளை மடித்தாள். ஏன் மடிக்கிறோம் என்று தெரியாமல் மறுபடியும் மடித்தாள்.

"ஒவ்வொரு நாளுமோ?"

"படப்பிடிப்பு இருக்கிற ஒவ்வொரு நாளும்."

"தொடர் முடிஞ்ச பிறகு?"

 பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பேன் என்றாள் கரோல். அதுவும் எல்லா ஞாயிறும் இல்லை என்றாள். தொடர் முடிந்ததோடு வேலையும் முடிந்தது, எந்த ஒடிஷனுக்குப் போனாலும் அன்ரி பேர்ல் மாதிரி ஒருக்கால் பேசிக்காட்டச் சொன்னார்கள் என்றாள். ஒருமுறை நீதிபதி வேடத்துக்குப் போய் நன்றாகச் செய்து முடித்ததும், ஒரு பகிடிக்கு அந்த வசனத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இவளும் சொன்னாள். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். வேடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அம்மாவின் குரலைக் கேட்டாலே எனக்கு அந்தச் சிரிப்புத்தான் கேட்டது, அதுதான் எடுக்காமல் விட்டேன் என்று சொல்லி, விக்கின் முடியைக் கையால் வாரினாள்.

மற்றப் பக்கத்தை இராஜேஸ்வரி அறிவாள்.

அந்த ஆறு வருடமும் தொழிற்சாலையில் மாக்கின் பெருமைக்கு அளவிருந்ததா? மை டோட்டர் சோ பிஸி, பட் எவ்ரி மோர்னிங் கோல், என்று வேலைக்கு வந்து கையுறை போடும்போதே தொடங்கிவிடுவாள். பிள்ளைகள் தாயை மறந்துபோன மற்றப் பெண்கள் பொறாமைப்பட்டார்கள். கரோல் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதோடு வீட்டுப் பாஷையை விட்டுவிட்டாள். மகளோடு பேசுவதற்காகத்தான் மாக் இங்கிலீஷையே பிடித்துத் தொங்கிப் பழகினாள். அந்த இங்கிலீஷைக் கேட்க மகள் தினமும் விடியக்காலை தேடி வருகிறாள் என்றால் தாய்க்கு எப்படி இருக்கும்?

அழைப்பு நின்ற பிறகும் மாக் விடியுமுன்னே எழுந்து, உடுப்பு மாற்றி, தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஒருநாள் இராஜேஸ்வரியிடம் கேட்டாள். நான் ஏதாவது பிழையாகச் சொல்லிவிட்டேனா, ராஜ்?

இதை இப்போது சொல்வதா? எதிரில் விக்கை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிற பிள்ளையைப் பார்த்தாள். கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே இரக்கமும் வந்தது. 

"வெளிக்கிடு. அம்மாவைப் போய்ப் பாத்திட்டு வருவம்" என்றாள்.

*

பராமரிப்பு இல்லத்தில் மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. மாக்கின் அறையில் ஜோசப்பின் படுக்கையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை, நோயாளிகளைத் தூக்கி இறக்குகிற வேலை, எந்நேரமும் வேர்த்த முகம். இராஜேஸ்வரியை அவளுக்கு நன்றாகத் தெரியும். கரோலைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டாள்.

மாக் சன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தாள். கரோல் குனிந்து நெற்றியில் முத்தமிட்டாள். முழங்காலில் நின்றபடி, எப்படி அம்மா, சாப்பிட்டீர்களா, என்று இங்கிலீஷில் கேட்டாள். மாக்கின் உதடு ஒரு பக்கமாக அசைந்தது. சத்தம் ஒன்று வந்தது. அது சொல்லில்லை. கரோல் இன்னும் கிட்டப் போய்க் காதை வைத்தாள். அந்தக் காது எதைத் தேடி வந்திருக்கிறது என்று இராஜேஸ்வரிக்குத் தெரியும். அதே தேவை தனக்கும் இருப்பதால் அவளால் மருமகளைக் கோபிக்கவும் முடியவில்லை.

"அன்ரி, உங்களை ஒண்டு கேக்க வேணுமெண்டு இருந்தனான்" என்றாள் ஜோசப்பின். "விடியக்காலையிலை இவவுக்கு ஆர் போன் எடுக்கிறவை?"

"ஏன்?"

"இருட்டோடையே முழிச்சிடுவா. மேசையிலை இருக்கிற அந்த மடிக்கிற போனைக் கையைக் காட்டிக் காட்டிக் கேப்பா. மடியிலை வைச்சாத்தான் அமைதி. பிறகு காதிலை வைச்சுக்கொண்டு இருப்பா, நாங்கள் சாப்பாடு கொண்டு வரும் வரைக்கும். ஆரும் எடுக்கிறதாத் தெரியேல்லை."

அந்த இலக்கத்தை வெட்டாமல் வைத்திருந்தது கஜீவன். மாக் மாமிக்குப் பேச்சுத் திரும்பினால் தேவைப்படும் என்று.

கரோல் முழங்காலில் இருந்தபடியே திரும்பினாள். ஜோசப்பினைப் பார்க்கவில்லை, மாமியாரைத்தான் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமோ மாமி?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"நீ எடுக்கிறதை நிப்பாட்டின நாளிலை இருந்து."

  கரோல் எழுந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. பையைத் தடவித் தொலைபேசியை எடுத்துக்கொண்டு, தாயைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள். ஜோசப்பினும் அழுக்குத் துணிகளைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மேசையில் இருந்த மடக்குத் தொலைபேசி அடித்தது.

மாக்கின் இடது கை துள்ளியது. இராஜேஸ்வரி ஓடிப்போய்த் தொலைபேசியைத் திறந்து அந்தக் கையில் கொடுத்தாள். மாக் அதைக் காதில் வைத்தாள். அவளுக்குக் காது மந்தம். சத்தம் முழுதாகக் கூட்டியிருந்தபடியால் பக்கத்தில் நின்ற இராஜேஸ்வரிக்கும் தெளிவாகக் கேட்டது.

கரோல் தன் குரலில், காலை வணக்கம் அம்மா, சாப்பிட்டீர்களா என்றாள். பதிலுக்குக் காத்திருந்தாள். இந்தப் பக்கம் மூச்சுத்தான். பிறகு அந்தப் பதிலையும் அவளே சொன்னாள்.

"ஈட் ஆல்ரெடி. யூ? யூ ஈட் ஆல்ரெடி?"

இராஜேஸ்வரி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். காலை முழுக்க வராத குரல் வந்துவிட்டது. அதே இழுவை, மூச்சு விடுகிற அதே இடம். பக்கத்து வீட்டுக்காரி என்ன சொன்னாள் என்று மகள் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி தக்காளி தந்ததாகவும், தோல் தடிப்பான தக்காளி என்றும் தாய் முறைப்பட்டாள். வேலை கஷ்டம் என்றாள் மகள். "நெவர் மைண்ட். டுமோரோ ஆல்சோ டே" என்றாள் தாய். வாசிப்பவளும் அவளே, நடிப்பவளும் அவளே. யாரும் சிரிக்கவில்லை.

கண்ணை மூடினால் மாக் பக்கத்தில் நின்று பணிஸ் அடுக்குகிறாள். இராஜேஸ்வரி கண்ணைத் திறந்தபோது மாக் உண்மையிலேயே பக்கத்தில் இருந்தாள். நன்றாக இருக்கிற அந்தப் பாதி முகத்தில் சிரிப்பு இருந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

பிறகு மாக் செய்ததை இராஜேஸ்வரி எதிர்பார்க்கவில்லை. தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினாள். வேண்டாம், நீ கேள், என்று இராஜேஸ்வரி தள்ளினாள். மாக் விடவில்லை. அவித்த முட்டையைக் கையில் திணித்ததுபோலத் தொலைபேசியைத் திணித்தாள். உனக்கும்தான், நீயும் கேள்.

இராஜேஸ்வரி காதில் வைத்தாள். இனி ஒருதரம், ஒரே ஒருதரம், 'ராஜ்' என்று அந்தக் குரல் கூப்பிடாதா என்று வைத்தாள்.

வந்தது கரோலின் சொந்தக் குரல். அழுகையில் உடைந்த குரல். நான் உங்களோடு பேச எடுக்கவில்லை அம்மா, என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். உங்கள் குரலை எடுக்கத்தான் எடுத்தேன். உங்களைக் காட்டி ஆட்களைச் சிரிக்க வைத்தேன். நான் எடுக்காமல் விட்டது நீங்கள் ஏதோ பிழை செய்ததால் இல்லை, வெட்கத்தால். நீங்கள் மன்னித்தேன் என்று சொல்ல வேண்டாம், உங்களால் முடியாது என்று தெரியும். கேட்டால் போதும். நீங்கள் கேட்டால் போதும்.

இது தன் காதுக்கு உரியதில்லை என்று முதல் சொல்லிலேயே இராஜேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே தொலைபேசியை மாக்கின் காதில் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அழுது முடிந்ததும் பழைய குரல் திரும்பி வரும் என்று ஒரு பாழாய்ப்போன ஆசை. கை அசையவில்லை. கடைசியில் மனம் கேளாமல் நீட்டியபோது, மாக் ஆவலோடு காதைக் கொடுத்தபோது, அந்தப் பக்கம் வைத்தாயிற்று.

மாக் காத்திருந்தாள். தொலைபேசிக்குள் ஒரு சத்தமும் இல்லை. இராஜேஸ்வரியைப் பார்த்தாள். மறுபடியும் காதில் வைத்துக்கொண்டாள்.

*

கரோல் கதவடியில் வந்து நின்றாள். கழுவிய முகம், சிவந்த கண்கள். உள்ளே வரவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்திருக்கும் தாயைப் பார்த்தாள். மாமியாரைக் கையைக் காட்டி நடைபாதைக்குக் கூப்பிட்டாள்.

"அம்மா கேட்டவவோ, மாமி?"

இல்லை என்று சொல்ல இராஜேஸ்வரி வாயைத் திறந்தாள். இல்லை, நான்தான் கேட்டேன், திரும்ப எடுத்துச் சொல்லு பிள்ளை, என்று சொன்னால் முடிந்திருக்கும். கரோலின் கண்ணைப் பார்த்தாள். ஒருமுறை சொல்லவே உயிர் போன மாதிரி இருந்த பிள்ளை.

"கேட்டவ."

"முழுக்கவோ?"

"ஓம்."

"என்ன செய்தவ?"

"சிரிச்சவ. அழுதவ" என்றாள் இராஜேஸ்வரி. இரண்டும் உண்மைதான். எதைக் கேட்டு என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

கரோல் சுவரில் சாய்ந்தாள். தோள் இறங்கியது. இத்தனை வருடமாக அந்தத் தோள் எவ்வளவு உயர்ந்து நின்றது என்று இராஜேஸ்வரிக்கு இப்போதுதான் தெரிந்தது. இந்த நிம்மதியைக் கொடுத்த பொய்யைத் திருப்பி எடுக்கவும் மனமில்லை, வைத்திருக்கவும் கூசியது.

"அப்ப நான் செய்யிறன் மாமி" என்றாள் கரோல். "அம்மா எல்லாம் தெரிஞ்சும் சிரிச்சவ எண்டால் நான் செய்யலாம். சிரிக்கிறவங்கள் சிரிக்கட்டும். நான் அம்மாவைச் சரியாச் செய்வன்."

 தன் பொய் இப்படி ஒரு வழியைத் திறக்கும் என்று இராஜேஸ்வரி நினைக்கவே இல்லை. வீட்டுக்குப் போய் யோசிப்போம், கஜீவன் வரட்டும், என்று இழுத்துப் பார்த்தாள். கரோல் கேட்கவில்லை. குரல் இப்போது நிற்கிறது, காரில் ஏறினால் போய்விடும் என்றாள். நடைபாதைச் சன்னல் விளிம்பில் தொலைபேசியைச் சாய்த்து வைத்தாள். விக் காரிலேயே கிடந்தது. வேண்டாம், என் நரை போதும் என்றாள்.

"வசனத் தாள் இருக்கோ மாமி?"

கைப்பைக்குள் இருந்தது, காலையில் மடித்த மடிப்போடு. இராஜேஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கமராவுக்குப் பின்னால் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் கரோலின் தோளுக்கு மேலால், திறந்திருந்த கதவுக்குள்ளே, மாக்கின் முதுகு தெரிந்தது. தொலைபேசி இன்னும் காதில் இருந்தது.

"தொடங்குங்கோ."

"ஐ ஆம் சொறி" என்று வாசித்தாள் இராஜேஸ்வரி. அடுத்த வசனத்தில் எழுத்துகள் கலங்கின. குரல் நடுங்கியது. "ஐ கேம் டூ லேட்."

கரோல் கமராவை நிறுத்தினாள். கோபிக்கவில்லை. காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள். கிட்ட வந்து மாமியாரின் தோளைத் தொட்டாள்.

"நடிக்காதேங்கோ மாமி. வாசிச்சாக் காணும்."

இராஜேஸ்வரி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டாள். பிறகு மருமகள் பழக்கிய மாதிரியே, ஒரு உணர்ச்சியும் இல்லாமல், முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.